உதிராமல் காப்பது எது?
கொழுப்புணவு, உடற்பயிற்சி, இதயச் செல்லின் இறப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கொழுப்பைக் குறை, தினமும் நட. இதைச் சொல்ல ஒரு மணி நேரமா?" அவர் சொன்ன இரண்டையும் நான் மறுக்க வரவில்லை. கொழுப்பு கூடினால் இதயச் செல்லுக்குள் என்ன நேர்கிறது, நடக்கும்போது அங்கே என்ன மாறுகிறது என்று அறிந்துகொண்டால், அந்தப் பழைய அறிவுரையின் எடையே மாறிவிடுகிறது. உடற்பயிற்சியைத் தொந்தி கரைக்கும் வழியாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். அது இதயத்தில் செய்யும் முதன்மையான வேலை வேறு என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இதயத்தசைச் செல் எவ்வளவு அரியது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாட்களில் மாறிவிடுகின்றன. தோல் சில வாரங்களில் புதிதாகிறது. இதயம் அப்படிப் புதுப்பித்துக்கொள்வதில்லை. 2009-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசென் குழுவினர் இதை ஒரு வியப்பான வழியில் அளந்தார்கள். 1950-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. வெட்டவெளிச் சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டில் காற்றில் இருந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் முத்திரையாக நின்றுவிடும். அந்த முத்திரையைப் படித்து, இதயத்தசைச் செல்களில் 25 வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடும் 75 வயதில் 0.45 விழுக்காடும்தான் புதிதாகின்றன என்று கண்டார்கள். வாழ்நாள் முழுவதையும் கூட்டினாலும் பாதிகூட மாறுவதில்லை. இந்த அவையில் எழுபதைக் கடந்த பெரியவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் நெஞ்சில் இப்போது துடிக்கும் செல்களில் பாதிக்கு மேல் உங்களோடு பிறந்தவை. மனித குலத்தை அழிக்கக் கண்டுபிடித்த ஆயுதம் இப்படி ஓர் உண்மையையும் நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

இத்தகைய செல் இறப்பதற்கு வெவ்வேறு வழிகள் உண்டு. ரத்தக்குழாய் அடைபட்டு மாரடைப்பு வரும்போது செல்கள் வீங்கி வெடித்துச் சாவது எல்லோரும் அறிந்தது. அதில் வலி உண்டு, மருத்துவமனை உண்டு, ஈ.சி.ஜி. உண்டு. இன்னொரு வழியில் சத்தமே கிடையாது. செல் சுருங்குகிறது, தன் டி.என்.ஏ.வைத் தானே துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறது, சிறு பொட்டலங்களாக உடைகிறது, அக்கம்பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. ஆஸ்திரேலிய நோய்க்குறியியலாளர் ஜான் கெர், ஸ்காட்லாந்தின் அபர்தீனில் வைலி, கரி ஆகிய இருவரோடு சேர்ந்து 1972-இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார். அந்தச் சொல்லைப் பரிந்துரைத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். மரத்திலிருந்து இலையும், பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல் அது.

நம் பாடநூல்களில் இதைத் 'திட்டமிட்ட செல் இறப்பு' என்கிறோம். 'செல் தற்கொலை' என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று எண்ணிக்கொண்டு போகும் தமிழ், உதிரும் பூவுக்கு 'வீ' என்று தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதே வேர்தான் 'வீதல்' என்று இறப்பையும் குறிக்கிறது. அபர்தீன் பேராசிரியர் கிரேக்கத்தில் தேடி எடுத்த பொருள் நம் மொழியில் ஓரெழுத்தில் இருக்கிறது. ஆகவே இன்று இதைச் செல் உதிர்வு என்றே சொல்லப் போகிறேன்.

உதிர்வு எப்போதும் கேடு என்று எண்ண வேண்டாம். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு புழு வளரும்போது அதில் உருவாகும் 1,090 உடற்செல்களில் 131 தவறாமல் உதிர்கின்றன. இதைக் கண்ட ஆய்வுகளுக்காக பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவரும் 2002-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கருவில் நம் விரல்கள் தனித்தனியாகப் பிரிவதும் இடையிலுள்ள செல்கள் உதிர்வதால்தான். துளிர்க்கும் மரம் இலை உதிர்ப்பதில் இழப்பில்லை. இதயம் அதிகம் துளிர்க்காத மரம்.

எத்தனை செல் உதிர்ந்தால் ஆபத்து? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. 2003-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் கிட்சிஸ் குழுவினர், இதயத்தில் மட்டும் செல் உதிர்வு சற்றே கூடும்படி சுண்டெலிகளை மரபணு மாற்றி உருவாக்கினார்கள். சாதாரண எலியின் இதயத்தில் ஒரு நேரத்தில் பார்த்தால் ஒரு லட்சம் உட்கருவில் 1.5 உதிர்ந்துகொண்டிருக்கும். இந்த எலிகளில் 23. ஒரு லட்சத்தில் வெறும் 23! சில மாதங்களில் அவற்றின் இதயங்கள் விரிந்து, தளர்ந்து, நின்றுபோயின. உதிர்வை நிகழ்த்தும் காஸ்பேஸ் நொதிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது நோய் பெருமளவு தடுக்கப்பட்டது. ஒரு செல் உதிர்ந்து மறையச் சில மணி நேரம்தான் ஆகும். நுண்ணோக்கியில் நாம் காணும் 23, அந்தச் சில மணி நேரத்தின் கணக்கு. அடுத்த வேளை வேறு 23, மறுநாள் இன்னும் வேறு. இதயம் செயலிழந்த மனிதர்களிடம் இந்த எண்ணிக்கை 80 முதல் 250 வரை காணப்பட்டிருக்கிறது.

இனி கொழுப்புக்கு வருவோம். கொழுப்பு இதயத்தின் பகைவன் என்று நினைத்திருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள். நலமான இதயம் தன் ஆற்றலில் 60 முதல் 70 விழுக்காட்டைக் கொழுப்பு அமிலங்களை எரித்தே பெறுகிறது. ஒரே நாளில் அது ஆக்கிச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யின் எடை சுமார் 6 கிலோ. 300 கிராம் உறுப்பு, தன்னைப் போல் இருபது மடங்கு எரிபொருளைப் புரட்டுகிறது. இதயத்தசைச் செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை, ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அடைத்துக்கொண்டிருப்பது இதற்காகவே.

வரவு செலவை மிஞ்சும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கிராமத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நெல் பத்தாயத்துக்குள் போய்விட்டால் கேடில்லை. பத்தாயம் நிறைந்து முற்றத்திலும் திண்ணையிலும் கொட்டிக் கிடந்தால் முளைக்கும், மக்கும், பூச்சி வரும். செல்லின் பத்தாயம் டிரைகிளிசரைடு துளி. அதில் அடைபட்ட கொழுப்பு பெரும்பாலும் சாது. வெளியே சிதறிக் கிடப்பது வேறு பொருளாக மாறுகிறது. அவற்றில் நாம் அஞ்ச வேண்டியது செரமைடு.

செரமைடைச் செல் எதிலிருந்து செய்கிறது என்பதில்தான் நம் சமையலறையோடு தொடர்பு இருக்கிறது. பால்மிட்டிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலமும் செரைன் என்னும் அமினோ அமிலமும் சேர்வதே அதன் முதற்படி. ஆய்வுத் தட்டில் வளர்த்த எலிக்குட்டியின் இதயச் செல்களுக்குப் பால்மிட்டிக் அமிலத்தைக் கொடுத்தால் அவை உதிர்கின்றன. ஒலியிக் அமிலம் என்னும் இன்னொரு கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தால் உதிர்வதில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலோ, ஒலியிக் அமிலம் பால்மிட்டிக் அமிலத்தையும் பத்தாயத்துக்குள் இழுத்துச் சென்று செல்லைக் காப்பாற்றிவிடுகிறது. கொழுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லால் ஏசுவது எவ்வளவு தவறு பாருங்கள். பால்மிட்டிக் என்ற பெயரே பனையினத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. நியாய விலைக் கடையில் நாம் வாங்கும் பாமாயிலின் முதன்மையான நிறைவுற்ற கொழுப்பு அதுதான். நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் அது குறைவு. ஒலியிக், லினோலியிக் அமிலங்களே மிகுதி.

பாமாயிலோடு நின்றுவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். தேவைக்கு மேல் வந்த மாவுச்சத்தை நம் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அப்படி அது முதலில் செய்து முடிப்பது பால்மிட்டிக் அமிலத்தைத்தான். ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. எண்ணெயைத் தொடாமல் மூன்று வேளையும் சோறும் இட்லியும் உண்டுவிட்டு உட்கார்ந்தே இருப்பவரின் ரத்தத்திலும் பால்மிட்டிக் அமிலம் கூடலாம். ஆய்வகத்தில் எலிக்கு ஊட்டும் கொழுப்புணவும் நம் வீட்டுத் தட்டும் உள்ளே சந்திக்கும் இடம் இது.

செரமைடு தேங்கினால் என்ன ஆகும்? அக்ட் என்னும் புரதம் செல்லுக்கு 'பிழைத்திரு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். செரமைடு அதன் குரலை அடக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் துளையிடும் பேக்ஸ் புரதத்துக்கும், துளையிட விடாத பி.சி.எல்-2 புரதத்துக்கும் இடையிலான சமநிலை பேக்ஸ் பக்கம் சாய்கிறது. சுவர் துளைபட்டதும் சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது. மூச்சின் வேதியியலில் எலக்ட்ரானை ஏந்திச் செல்லும் அதே மூலக்கூறுதான். உள்ளே இருக்கும்வரை உயிர் வளர்க்கிறது, வெளியே வந்தால் காஸ்பேஸ்களை எழுப்பிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் பாதையும் ஒன்று உண்டு: அழற்சியுற்ற கொழுப்புத் திசுவிலிருந்து வரும் சமிக்ஞைகள் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஃபாஸ் போன்ற ஏற்பிகளைத் தட்டி, காஸ்பேஸ்-8 வழியாக உதிர்வைத் தொடங்கலாம். 2000-ஆம் ஆண்டில் டல்லாஸில் ரோஜர் உங்கர் குழுவினர், பருமனும் நீரிழிவும் கொண்ட ஜுக்கர் எலிகளின் இதயத்தில் கொழுப்பும் செரமைடும் சேர்ந்து, செல்கள் உதிர்ந்து, இதயத்தின் சுருங்கும் திறன் குறைவதை வரிசையாகக் காட்டினார்கள். ரத்தக்குழாய் அடைப்பு இல்லாமலேயே கொழுப்பு இதயத்தைக் கெடுக்கலாம் என்பது அப்போது பலருக்குப் புதிது.

மாணவர்களே, இனி உடற்பயிற்சி. இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதுநிலை படித்த காலத்தில் விலங்குக்கூடத்தில் எலிகளுக்குத் தீவனம் போடுவது என் பொறுப்பு. வனஸ்பதியைத் தீவன மாவோடு பிசைந்து நாங்களே உருண்டை பிடிப்போம். சாதாரணத் தீவனம் கடித்தால் மொறுமொறுவென்று உடையும். இது மெழுகைப் போல நசுங்கும். எலிகள் அதை ஆசையாகத் தின்னும். பிறகு ஓடுபொறியில் விடுவோம். ஓடாமல் பின்வாங்கும் எலியின் காலில் மெல்லிய மின்னதிர்ச்சி படும்படி பின்னால் ஒரு கம்பித்தட்டு இருக்கும். அதில் படாமலிருக்கவே பாதி எலிகள் ஓடின. உடற்பயிற்சியின் பயனை அளக்கிறோமா, அச்சத்தின் விளைவை அளக்கிறோமா என்று அன்று எனக்குள் எழுந்த கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. இவ்வகை ஆய்வுகளைப் படிக்கும்போது எலி எப்படி ஓடியது என்பதை முதலில் பாருங்கள்.

அந்தக் குறையையும் மீறி, பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன. டெக்சஸில் ஜான் லாலர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் ஓடிய கிழட்டு எலிகளின் இதயத்தில் பேக்ஸ், பி.சி.எல்-2 சமநிலை மீண்டும் பிழைப்பின் பக்கம் திரும்பியது. செல் உதிர்வும் குறைந்தது. பருமனான எலிகளில் தைவான் ஆய்வாளர்கள் ஃபாஸ் வழி, மைட்டோகாண்ட்ரியா வழி இரண்டையும் பயிற்சி தணிப்பதைக் கண்டார்கள். இது எப்படி நிகழ்கிறது? ஓடும் உடலில் இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி இதயத்தை எட்டி, அடங்கிப்போன அக்ட்டை எழுப்புகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் தரம் உயர்கிறது. கொழுப்பை எரிக்கும் இடம் கூடுகிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற காவல் நொதிகள் பெருகுகின்றன. பத்தாயத்தைத் திறந்து மூடும் வேலையும் ஒழுங்காகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று விரிக்க வேண்டும். 2001-இல் பிரட் குட்பாஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் தாங்குதிறன் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களின் கால்தசையைப் பரிசோதித்தார். நீரிழிவு நோயாளியின் தசையில் இருக்கும் அளவுக்கு வீரரின் தசையிலும் கொழுப்புத் துளிகள் இருந்தன. ஆனால் வீரரின் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்த்தது. நெல் நிறைந்திருப்பது குற்றமில்லை. அது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்க வேண்டும். இதயத்திலும் இதை ஒத்த ஒன்றைக் காண்கிறோம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் நீரிழிவு நோயாளிகளுக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்திலிருந்த கொழுப்பின் அளவு குறையவில்லை. இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறனோ கூடியிருந்தது. எடைபார்க்கும் கருவி அசையவில்லை என்று மூன்றாம் வாரமே நடையை நிறுத்துபவர்களைக் கண்டால் எனக்கு மனம் வலிக்கிறது. அந்தக் கருவி காட்டாத இடத்தில்தான் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

பயிற்சி உதிர்வைத் தடுப்பதோடு நிற்கிறதா, துளிர்க்கவும் வைக்கிறதா? 2018-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் லீ, ஆன்டனி ரோசன்ஸ்வைக் குழுவினர் கூண்டில் சுழல்சக்கரம் வைத்து எட்டு வாரம் சுண்டெலிகளை அவற்றின் விருப்பம்போல் ஓட விட்டார்கள். சக்கரம் இல்லாத எலிகளைவிட 4.6 மடங்கு புதிய இதயத்தசைச் செல்கள் அவற்றில் உருவாகியிருந்தன. மனிதருக்கும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உயிரோடிருப்பவரின் இதயத்தை அறுத்து எண்ணிப் பார்க்க வழியில்லை. மருந்துக்கடை விளம்பரத்தில் இப்படியொரு வாக்கியம் வந்தால் நம்பாதீர்கள்.

இந்தக் காப்பு எவ்வளவு காலம் நிற்கும்? ஃபுளோரிடாவில் ஸ்காட் பவர்ஸ் குழுவினர் எலிகளுக்குச் சில நாட்கள் மட்டுமே பயிற்சி கொடுத்து, பிறகு அவற்றின் இதயத்துக்கு ரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குறுகிய பயிற்சியே இதயத்தைக் காத்தது. பயிற்சியை நிறுத்தி 9 நாள் ஆனபோதும் காப்பு இருந்தது. 18-ஆம் நாள் இல்லை. கல்லூரி நாட்களில் ஓடினேன் என்ற பெருமையை இதயம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இன்னொரு பக்கம் பார்த்தால், இன்று தொடங்குபவரும் நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

மனிதரைப் பற்றிப் பேசும்போது லண்டன் பேருந்துகளை விட்டுவிட முடியாது. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்னும் ஆய்வாளர், இரட்டை மாடிப் பேருந்தின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம், ஒரே தெருக்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். நடத்துநர்களிடம் இதய நோய் குறைவு. ஒல்லியானவர்கள்தான் நடத்துநராகிறார்களோ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மாரிஸ் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளைத் தேடி எடுத்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு கொண்டவர்களை ஒப்பிட்டபோதும் நடத்துநருக்கே நன்மை இருந்தது. மின்னணுச் சாதனம் எதுவுமின்றி, தையல் கணக்கை வைத்து ஓர் ஐயத்தைத் தீர்த்த அந்த மனிதர் 99 வயது வரை வாழ்ந்தார்.

எப்போது தொடங்குவது என்று கேட்பீர்கள். டல்லாஸில் பெஞ்சமின் லெவின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 45 முதல் 64 வயது வரையிலான, உட்கார்ந்தே வாழ்ந்தவர்கள் இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு நான்கைந்து நாள் பயிற்சி செய்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 18 விழுக்காடு உயர்ந்தது. இடது கீழறையின் விறைப்பு 25 விழுக்காடு தளர்ந்தது. அதே ஆய்வகம் முன்பு 65-ஐக் கடந்தவர்களுக்கு ஓராண்டு பயிற்சி அளித்தபோது உடல்திறன் கூடியது, இதயத்தின் விறைப்பு பெரிதாக மாறவில்லை. இந்த அவையில் நாற்பதுகளில் இருப்பவர்களை நோக்கி நான் குரலை உயர்த்துவது இதனால்தான். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் நடந்த ஆய்வில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகு தொடங்குங்கள். மற்றவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் நடந்தால் போதும்.

விலங்குக்கூடத்துக் கம்பித்தட்டைப் பற்றிச் சொன்னேன். அதற்கு எனக்கு ஆறுதலாக வந்த ஓர் ஆய்வோடு நிறுத்திக்கொள்கிறேன். நெதர்லாந்தின் லைடன் நகரில் யோஹன்னா மெய்யர் என்னும் ஆய்வாளர், கூண்டில் வைக்கும் சுழல்சக்கரத்தை வெட்டவெளியில், புதர்களுக்கிடையில் வைத்தார். விலங்குகளை ஈர்க்க அருகில் கொஞ்சம் உணவு. பார்க்க ஒரு கேமரா. 2014-இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். கூண்டையே அறியாத காட்டுச் சுண்டெலிகள் இருட்டில் வந்து சக்கரத்தில் ஏறி ஓடின. இறங்கிப் போய்விட்டு மறுபடியும் வந்து ஏறிய எலிகளும் இருந்தன. தவளைகள்கூட ஏறிப் பார்த்தன. பிறகு உணவை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின்னும் சுண்டெலிகள் இரவில் வந்து ஓடிக்கொண்டிருந்தன.